திருப்பாதம் பட்ட புல்

வாழ்க வளம். வற்றாத ஏரிகளுக்கும் வாடாத புல்வெளிகளுக்கும் காவலர், விருந்துக்கு வந்த பகைவரை மெத்தென்ற புல்லில் உட்காரவைத்தே நண்பராக்கி அனுப்பும் தண்பொழில் நாட்டு வேந்தர், எம் தமையனார் நெடுந்தகை ஆதிரையனார் திருமுன்னர், கல்லும் கரடும் கட்டியாளும் வெண்பாறை நாட்டு மன்னர் விறற்சேந்தர்தம் பட்டத்துத் தேவி வண்டார்நங்கை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக; தங்கள் கொட்டில்கள் பெருகுக; அண்ணியார் நலம் சிறக்க. அண்ணியார் அனுப்பிய மாவடு வந்து சேர்ந்தது. சாடியை வாயிலிலேயே உடைத்துவிட்டபடியால் உப்புநீர் காவலர் காலில் போக, வடு மட்டும் எமக்கு வந்தது.

இந்நாட்டு முறித்தேற்றல் வழக்கம் தாங்கள் அறிந்ததே. முன்னொரு காலத்தில் எவனோ ஒரு பகைவன் பரிசுக் குடத்துக்குள் பாம்பை வைத்து அனுப்பினானாம். அன்று தொட்டு அயல்நாட்டிலிருந்து வரும் எப்பொருளையும் அரசர் தம் கையால் வெள்ளிச் சுத்தியல் கொண்டு உடைத்த பின்னரே அரண்மனைக்குள் விடுவது என்று விதி செய்தார்கள். விதியை மீறுபவர் அரசரே ஆயினும் முடி இழப்பார். வந்தது ஒரு பாம்பு, போனது எத்தனை சாடி என்று எவரும் கேட்டதில்லை. யாம் மணமகளாக வந்து இறங்கிய அன்று, எம் அன்னையார் அணிவித்த சங்கு வளைகளையும் இப்படித்தான் உடைத்தார்கள். வளையை உடைத்து மணப்பெண்ணை வரவேற்ற ஊர் பூமியில் இது ஒன்றாகவே இருக்கும். அன்று அழுதோம். அதைப் பேச இப்போது ஓலை எடுக்கவில்லை.

தாங்கள் விடுக்கும் ஓலைகளும் இரண்டாக முறிந்தே வருகின்றன. பாதியைப் படித்து மீதியை ஊகிக்கின்றோம். ஆகவே மறுமொழியை ஆள் வாயிலாகச் சொல்லி அனுப்புக. ஆளை உடைக்கும் வழக்கம் இங்கு இன்னும் வரவில்லை. அதுவும் வந்துவிடும் போலிருப்பதால்தான் இவ்வோலை. உடைபடக் காத்திருப்பவர், எம்முடன் சீதனமாகத் தாங்கள் அனுப்பிய புல்லதிகாரி, ஏனாதி பொதுவனார்.

பொதுவனாரைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மீசையை முறுக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர். பூமியில் உள்ள புல்லெல்லாம் தம் அனுமதி பெற்றுத்தான் முளைக்கின்றது என்று மெய்யாகவே நம்புகிறவர். இந்நாட்டில் அவருக்கு நெடுநாள் வேலையில்லை. அரண்மனை முற்றம் வெறும் புழுதி. சென்ற ஆண்டு பெருவிருந்துக்கு வந்த எண்திசை மன்னரும் அப்புழுதியில் உட்கார்ந்து தும்மினார்கள். தும்மலுக்கு நடுவே ஒருவர், இது விருந்தா, போர்க்களமா என்று கேட்டுவிட்டார். எம் கணவருக்கு உறைத்துவிட்டது. அடுத்த விருந்துக்குள் முற்றம் முழுவதும் பச்சைப் புல் வேண்டும் என்று ஆணையிட்டார்.

பொதுவனார் அவை நடுவே வந்து நின்று, வானம் பொய்த்தாலும் தம் புல் பொய்க்காது என்றும், பொய்த்தால் தம் தலையை எடுத்துக்கொள்ளலாம் என்றும் முழங்கினார். தலையைப் பணயம் வைக்கும்படி எவரும் கேட்கவில்லை. அவராகவே வைத்தார், வாய்க்கொழுப்பு.

அருகம்புல் நட்டார், வேர் பிடித்தது. அதன் பின்னரே தங்கள் நாட்டிலிருந்து அவருடைய மெல்லுமிழ் குளிகைகளைத் தருவித்தார். தாங்கள் நாளும் உலவும் புல்வெளிக்கு இடுபவையே. ஆயினும் அவை ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று தாங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், யாமும் கேட்டதில்லை. வெடியுப்பும் மீன்தூளும் பிண்ணாக்கும் பிசைந்து மிளகளவு உருட்டி, அதன் மேல் அரக்கும் குங்கிலியமும் காய்ச்சிப் பூசுவது. மேல்பூச்சு கெட்டி, ஆனால் ஈரம் பைய உள்ளே நுழைந்து, சாரத்தைத் துளித்துளியாக வெளியே விடும். வெயில் ஏற ஏற அரக்கு சற்று இளகிக் கொஞ்சம் அதிகமாகக் கசியும். புல்லுக்குப் பசி ஏறுவதும் அந்த வெயிலில்தான். மெல்லிய பூச்சிட்டவை முதலில் ஊட்டும், தடித்த பூச்சிட்டவை பின்னர் ஊட்டும். ஒருமுறை இட்டால் பருவம் முழுவதும் புல் தானே உண்டுகொள்ளும். இத்தனையும் பொதுவனார் எமக்கு மூச்சு விடாமல் சொன்னது. எம் சேடியர் இருவர் நின்றபடியே தூங்கிப்போனார்கள்.

அண்ணா, உடையாமல் இருப்பதுதான் அக்குளிகையின் உயிர். எதையும் உடைக்காமல் உள்ளே விடாத நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தோமே, எமக்கோ பொதுவனாருக்கோ இது முன்கூட்டித் தோன்றியதா? இல்லை. மூட்டைகள் வாயிலுக்கு வந்து, முரசு கொட்டி, அரசர் வெள்ளிச் சுத்தியலைக் கையில் எடுத்த பின்னரே பொதுவனாருக்கு உறைத்தது.

"ஐயோ, உடைக்காதீங்க! உடைச்சா செத்துப்போயிரும்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

அரசர் சுத்தியல் ஓங்கும் நேரத்தில் சாவைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? அரண்மனைச் சகுனம் பார்க்கும் பெருங்கணியார் காதைப் பொத்திக்கொண்டார். காவலர் பொதுவனாரை அலாக்காகத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். வாயிலை ஒட்டிப் புல் நட்ட முற்றத்தில் ஆசனமிட்டு, குடைக்கீழ் அரசர் அமர்ந்து உடைக்கத் தொடங்கினார். முதல் மூட்டை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மிளகளவு உருண்டைகள், எண்ணி மாளாது. வெயில் உச்சிக்கு வந்தது, அரசரின் தோள் இறங்கியது, இமையும் இறங்கியது. கடைசி மூட்டையில் பாதிக்கு மேல் கிடக்க, எம் கணவர் இருபுறமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீந்ததைக் காலால் தள்ளித் தம் ஆசனத்தைச் சுற்றிய மண்ணுக்குள் மிதித்துவிட்டு, எல்லாம் உடைந்தது என்று அறிவித்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த எம்மைத் தவிர அதைக் கண்டவர் இல்லை.

உடைத்த தூளை, ஆசனம் இருந்த இடம் மட்டும் எவரும் கவனியாமல் விடுபட, முற்றத்துத் திடல் முழுவதும் தூவி நீர் விட்டார்கள். பருவம் முழுவதற்கும் வைத்த சோற்றை ஒரே வேளையில் வாயில் திணித்தது போலாயிற்று. புல் விசுக்கென்று கரும்பச்சையாக எழுந்தது, அரண்மனையே கைதட்டியது. சில நாளில் நுனி வெளுத்தது, பிறகு பழுத்தது, பிறகு மொத்தத் திடலும் வைக்கோலாயிற்று. ஆசனத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் கிளிப்பச்சையாகச் செழித்து நின்றது.

பெருங்கணியார் அதைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு கண்ணீர் மல்க அவைக்கு அறிவித்தார்: தண்பொழிலான் பொதுவன் திடலுக்கு நஞ்சிட்டான், ஆயினும் அரசர்தம் திருப்பாதம் பட்ட இடம் மட்டும் நஞ்சை வென்று தழைத்தது, வேந்தர் காலில் தெய்வம் உறைகின்றது. அவை எழுந்து ஆர்ப்பரித்தது. பொதுவனாரைப் பட்டத்து யானையின் காலில் இடுவது என்று தீர்ப்பாயிற்று. நாள் குறிக்கும் வரை யானைக் கொட்டிலுக்கு அடுத்த அறையிலேயே அடைத்தார்கள். எந்தக் கால் என்று அவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம் போலும்.

தீர்ப்போடு நின்றதா? திருப்பாதம் பட்டால் தழைக்கும் அல்லவா? திடல் முழுவதும் அரசர் வெறுங்காலால் நடக்க வேண்டும் என்றும் கணியார் விதித்தார். எம் கணவரும் உச்சி வெயிலில், கருகிய புல்லில், முன்னே முரசும் பின்னே குடையுமாக நாளும் நடந்தார். ஒரு துளிர்கூட எழவில்லை. பாதத்தில் கொப்புளம் எழுந்தது.

அக்கொப்புளத்துக்கு யாம் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் எம் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"நீ பாத்துட்டியா?"

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் சொல்லல. ஆனா அந்த மனுசன் சாகப்போறாரு. நீங்க சோம்பல்பட்டு விட்டதுதான் பச்சையா நிக்குது. அவர் சொன்னது அத்தனையும் உண்மைன்னு அந்தப் புல்லே சொல்லுது."

"தெரியும்டி. நான் வாயத் தொறந்தா முறைய மீறினவன் ஆயிடுவேன், முடி போயிரும். தொறக்கலன்னா அவன் போயிருவான். ராத்திரியெல்லாம் இதே நெனப்புதான்."

எம் கணவர் சோம்பேறி, அண்ணா, கொடியவர் அல்லர். அவர் கண் கலங்கியதைக் கண்டு எமக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. எண்ணெயை இன்னும் கொஞ்சம் தடவினோம். தடவிய காலிலேயே வழி தெரிந்தது.

மறுநாள் அவையில் யாமே எழுந்து பேசினோம். பெருங்கணியார் கண்ட அற்புதத்தை யாமும் தலைவணங்கி ஏற்பதாகவும், திருப்பாதத்தில் தெய்வம் உறைகின்றபோது இரும்புக் கொல்லன் போல் அரசர் சுத்தியல் பிடிப்பது தெய்வக் குற்றமாகும் என்றும், இனிக் குளிகைகளைத் திருப்பாதத்தால் மிதித்தருளுவதே முறித்தேற்றலாகக் கொள்ள வேண்டும் என்றும் கூறினோம். கணியாரே ஊதிப் பெருக்கிய பாதம், அவர் எப்படி மறுப்பார்? இறுதியில் அவரும் இசைந்தார். ஆயினும் பொதுவனார் எதற்கு என்று கேட்டார். எவ்விடத்தில் எத்தனை என்று வகை தெரிந்தவர் காட்டாவிடில் திருப்பாதம் வீணே அலையும் என்றோம். கொப்புளம் நினைவுக்கு வந்து அரசர் வேகமாகத் தலையசைத்தார். தண்டனை விருந்து நாள் வரை நிறுத்தப்பட்டது. அன்று திடல் பச்சையாயின் பொதுவனார் பிழைப்பார், இல்லையேல் யானை.

நற்செய்தியை யாமே கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். அந்த மனிதர் ஒத்துக்கொண்டாரா? ஆணவம் பிடித்த மனிதர்!

"முடியாதுங்க நாச்சியாரே. யானை மிதிச்சா மிதிக்கட்டும். நான் வேர்வை சிந்திக் கண்டுபிடிச்ச குளிகைய ராசா காலு வளர்த்துச்சுன்னு பேரு வாங்குறதா? அதைக் கண்ணால பாத்துக்கிட்டு நான் நிக்கிறதா?"

யாம் மறுமொழி சொல்லாமல், ஆசனத்தடியிலிருந்து பறித்துச்சென்ற புற்கொத்தை அவர் கையில் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேரில் ஒட்டியிருந்த ஓர் உருண்டை, உடையாமல், ஈரமாக இருந்தது. மீசையை முறுக்கவும் மறந்தார்.

"இது என் குளிகையில்ல? முழுசா இருக்கே! யாருங்க காப்பாத்துனது?"

நடந்ததைச் சொன்னோம். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துக் கொட்டிலில் யானை திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"ராசாவுக்குக் கை வலிச்சதால என் மானம் பொழைச்சுதா! இதை ஊர் பூரா சொல்லணுமே!"

"சொன்னா உங்க தலையும் போகும், அவர் முடியும் போகும். அந்தப் புல்லும் போகும்" என்றோம்.

தலைக்கும் முடிக்கும் அவர் அசையவில்லை. புல் போகும் என்றதற்கு அசைந்தார். கொத்தின் ஓரத்தில் ஒட்டிவந்த கருகிய புல்லைப் பிரித்து, அதன் வேர் இன்னும் சாகவில்லை என்று கண்டு, திடலுக்கு நீர் பாய்ச்சி மிகுந்த உப்பைக் கழுவிவிட்டு முழுக் குளிகை இட்டால் மறுபடியும் தளிர்க்கும் என்றார். பிறகு மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு நிபந்தனை வைத்தார்: தாம் கோலால் காட்டும் இடத்தில்தான் அரசர் மிதிக்க வேண்டும், தவறான இடத்தில் வைத்தால், அவையில் இருக்கும் எண்திசை மன்னரின் தூதர் பார்த்திருக்க, காலை எடுங்கள் என்று தாம் உரக்கச் சொல்ல உரிமை வேண்டும்.

இதை அரசரிடம் அஞ்சி அஞ்சிச் சொன்னோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்து இசைந்தார். சிரிப்பு அடங்கியதும் எம் வெறுங்கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் வளைய ஒடைச்ச அன்னைக்கும் எனக்குக் கை வலிச்சிருக்கக் கூடாதா" என்றார்.

யாம் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டோம், அண்ணா. அவரே மெல்லத் தொடர்ந்து, அடுத்து வரும் மூட்டையில் குளிகையோடு குளிகையாக அரக்குப் பூசி எது வந்தாலும், அதையும் இந்தக் கால் உடைக்காமல் மண்ணுக்குள் தள்ளிவிடும், பொதுவன் தோண்டிக் கொடுத்துவிடுவான் என்றார்.

ஆகவே தமையனார் செய்தருள வேண்டுவன. இவ்வோலை கண்ட அன்றே குளிகை மூட்டைகளைப் புறப்படவிடுக. தாமதித்தால் ஒரு நல்ல மீசை யானைக்காலில் போகும். பூச்சு மும்மடங்கு கெட்டியாக இருக்கட்டும். எம் கணவர் எடை கூடியிருக்கின்றார். கடைசி மூட்டையின் அடியில், எம் அன்னையாரிடம் கேட்டுப் பெற்று, இரண்டு சங்கு வளைகளை அரக்குப் பூசி வைக்கச் சொல்லுக. எம் கை முன்னைவிடச் சற்றுப் பருத்துவிட்டது என்பதை அன்னையாரிடம் சொல்லவும்.

இது வெண்பாறை அரண்மனையில் யாம் சொல்ல, வாய்க்குப் பூட்டிட்ட எம் ஓலைநாயகம் எழுதி, எம் மோதிரம் பதித்து அரக்கிட்டது. ஏரி உள்ளளவும் தங்கள் கொற்றம் நிலைபெறுக. இம்முத்திரையை மட்டும் உடைத்தருள்க. மற்றவை முழுதாய் வருக. இது எம் ஆணை, தங்கையின் வேண்டுகோளும் இதுவே.