கியருக்கு ஆறு மாதக் கயிறு

ஆகஸ்ட் 12, 2024

மழை. போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இறங்கி நடந்தார்கள். நான் ஜீப்பை ஊர்ந்து ஏற்றினேன்.

கியரு இன்று முன்சீட்டில் ஏறவே இல்லை. கியர் கம்பியில் தலை வைத்துத் தூங்கி வளர்ந்த நாய், நாலு வருடத்தில் ஒரு ட்ரிப் விட்டதில்லை. வைத்த கறிச்சோற்றில் ஈ மொய்க்கிறது. "ஒங்க பொண்டாட்டி நான் காச்சலாக் கெடந்தப்ப நீங்க இம்புட்டு மூஞ்சியத் தூக்கலையே" என்கிறாள் சூர்யகலா.

ஆகஸ்ட் 13

விடிய விடிய வாந்தி. ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சள். வயிற்றைத் தொட்டால் என்னையே கடிக்க வருகிறான். கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஈரல் வீங்கியிருக்கு. நாய்க்கு நாய் தொத்துற மஞ்சக்காமாலை மாதிரி தெரியுது. மனுசருக்கு ஒட்டாது. தடுப்பூசி போட்டீங்களா?"

வெறிநாய் ஊசி போட்டிருக்கிறேன் என்றேன். இதற்கு வேறு ஊசியாம். எவன் கண்டான்?

ஆகஸ்ட் 15

தண்ணீரும் இறங்கவில்லை. ட்ரிப் போகவில்லை.

ஆகஸ்ட் 19

கஞ்சி குடித்தான்! அரை டம்ளர்தான். ஆனால் குடித்தான்.

மேலே மருதாயியிடம் சொன்னதும் ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். எஸ்டேட் லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறவள். பத்து வருடமாக வாரச் சாமான் வாங்கப் போடிக்கு இறங்கினால் என் ஜீப்பில்தான் இறங்குவாள். அண்ணே என்பாள். கூடப்பிறந்தவர் யாருமில்லாத எனக்கு அந்த ஒரு வார்த்தை பெரிசு.

ஆகஸ்ட் 27

கியருவின் இடது கண்ணில் நீலம் படர்ந்திருக்கிறது, பாலில் நீலம் போட்டதுபோல. பயந்துபோய்த் திரும்பவும் டாக்டரம்மாவிடம்.

"பொழச்ச நாய்க்குச் சிலசமயம் இப்பிடி வரும், பெரும்பாலும் தெளிஞ்சுரும். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. நாய் தேறினாலும் கிருமி மூத்திரத்துல மாசக்கணக்கா வெளிய வரும். ஆறு மாசம் கட்டிப் போடுங்க. வேற நாய்கிட்ட விடாதீங்க, குட்டிங்க பக்கம் விடவே விடாதீங்க."

சரி என்றேன். தலையைக்கூட ஆட்டினேன்.

அக்டோபர் 2

கண் தெளிந்துவிட்டது. ஐந்தரைக்கு ஜீப்பைக் கிளப்பினால் ஊளையிடுகிறான், தெருவே எழுந்துகொள்கிறது. கழுத்தில் கயிறு அறுத்து முடி போயிருக்கிறது. சூர்யகலா இரட்டை முடிச்சாகப் போடுகிறாள்.

அக்டோபர் 9

மருதாயியின் செவலை நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறதாம். "ஒண்ணு அப்பிடியே கியரு மூஞ்சி, அண்ணே. அவனக் கொண்டா, காட்டுவோம்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 11

அவிழ்த்துவிட்டேன்.

கண் தெளிந்தாயிற்று, தின்கிறான், குதிக்கிறான். இன்னும் என்ன கிருமி? டாக்டர்கள் எதற்கும் ஆறு மாதம் என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு நாள்தானே. சூர்யகலா குளிக்கப்போன நேரம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்தான், பாவிப்பயல். லயத்துக்குப் போனதும் வாசலைச் சுற்றிச் சுற்றிக் காலைத் தூக்கினான். மருதாயி சிரித்தாள். குட்டிகளுக்கு வைத்த தட்டிலேயே அவனுக்கும் பால் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எவ்வளவு நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 18

மூன்று குட்டி செத்துவிட்டது. இரண்டே நாளில். மருதாயி ரோட்டோரம் நின்று ஜீப்பை மறித்தாள். "என்ன நோயிண்ணே இது? நேத்து வெளையாண்டுச்சுக."

"குளிருக்கு வயிறு கெட்டிருக்கும்" என்றேன். எப்படித்தான் நாக்கு புரண்டதோ.

நவம்பர் 20

நேற்று நான்காவதும் போனது. மிச்சமிருந்த ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கியரு மூஞ்சிக் குட்டி. வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கினார், ஈறைத் திறந்து பார்த்தார். "லயத்துக்கு வெளிநாய் ஏதும் வந்துச்சா?"

"வெளிநாய் எதுவும் வரல டாக்டரம்மா. நம்ம கியரு மட்டுந்தேன் வந்தான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாக எல்லாவற்றையும் மருதாயியிடம் சொன்னார்.

திரும்பும்போது பின்சீட்டில் ஏறினாள். மெட்டு தாண்டியதும் கேட்டாள்: "ஒனக்கு மின்னமே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கொண்டாந்த?"

என்ன சொல்வேன்? என் நாய் அழுதான், தாங்கமுடியவில்லை, அதற்காக உன் குட்டிகளை — த்தூ. நானெல்லாம் ஒரு மனுசன்.

நவம்பர் 21

அதுவும் செத்தது. ரஃபி சொல்லித்தான் தெரியும். அவனும் எங்கள் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன்.

நவம்பர் 30

லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு செந்நாய் செத்துக் கிடந்ததாம். வனத்துறை ஆட்கள் ஈரலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "செந்நாய்க்கும் வரும். அதுதானான்னு முடிவு வராமச் சொல்ல முடியாது" என்றார். காட்டில் கூட்டமாகத் திரிகிற ஜீவன். அதற்குப் போய் யார் ஊசி போடுவது? தூக்கமே இல்லை.

டிசம்பர் 3

சூர்யகலா திட்டவில்லை. திட்டினால் தேவலை. ஜீப்பை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித் தந்தாள், அவ்வளவுதான்.

டிசம்பர் 16

டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். லயத்து நாய்களுக்கெல்லாம் ஊசி போடவேண்டும், உங்களைக் கூட்டிப்போகக் கொண்டுவர நானாச்சு என்றேன். தை பிறக்கட்டும் என்றார்.

ஜனவரி 23, 2025

ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை முன்சீட்டில், கியரு உட்காரும் இடத்தில், வைத்துக் கட்டிக்கொண்டு டாக்டரம்மாவோடு மேலே போனேன். லயத்தில் ஒன்பது நாய். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு கடி வாங்கினேன். செவலையை மட்டும் மருதாயி என்னிடம் விடவில்லை. தானே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது ஊசி எப்ப டாக்டரம்மா?"

"மூணு வாரத்துல. அண்ணனுக்குத் தேதி தெரியும், கேட்டுக்கங்க."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் மருதாயி.

டாக்டரம்மா சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். ரோட்டில் ரஃபி ஹாரன் அடித்தான். போடிக்குச் சாமான் வாங்க, பையைத் தூக்கிக்கொண்டு அவன் ஜீப்பில் ஏறிப் போனாள்.