சிவப்பு மையில் ஓர் ஆற்று வளைவு

லாவ்ரே, மியூஸ் ஆற்றங்கரை, பெல்ஜியம்
24 ஜூலை 1914

அன்புள்ள வால்புர்காவுக்கு,

உன் படத்தை நான் வரவேற்பறைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன் என்று உன் நாத்தனார் ஆகன் நகரம் முழுக்கச் சொல்லித் திரிகிறாளாம். கழற்றியது உண்மை, அவள் சொல்லும் காரணம் பொய். நீ ஜெர்மன்காரி, நான் பெல்ஜியக்காரி என்பதற்காக அல்ல. சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். மடத்துப் பள்ளியில் தொடங்கிய நாற்பத்தாறு வருட நட்பை ஆணியோடு பிடுங்கி எறிகிறவள் இல்லை நான். சுவர் காய்ந்ததும் படம் தன் இடத்துக்குப் போகும். இந்த வரிகளை அவளுக்கு வாசித்துக் காட்டு.

இங்கே மழையே இல்லை. ஆறு மெலிந்து கிடக்கிறது. என் மகன் ஜெரார் ஆகஸ்ட் அறுவடைக்கு வருகிறான். உன் மகன் மத்தியாஸ்தான் இந்த ஆண்டு மீன்பிடிக்க வரவில்லை. பன்னிரண்டு கோடைகள் தவறாமல் வந்தவன்! ஈஸ்டரின்போது அவன் அனுப்பிய ஆற்று வரைபடம் பயன்பட்டதா என்று கேள். ரயில்வே பொறியாளர் வரைந்தது போலவா இருந்தது அது? மூன்று பாப்லார் மரங்களுக்கு நேரே இருக்கும் ஆழம் குறைந்த இடத்தை, அவற்றைத் தாண்டி மேலாற்றில் போட்டிருந்தான். சரளைத் திட்டையே காணோம். என் கணவர் முப்பது வருடம் ஆற்று மட்டம் அளந்தவர். அவருடைய குறிப்பேட்டை வைத்துச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பினேன். கோடையில் முழங்காலுக்கு மேல் ஒரு சாண், அடியில் கெட்டிச் சரளை, பாரவண்டியே இறங்கும் என்று ஓரத்தில் எழுதினேன். பிழையைக் கண்டும் சும்மா இருப்பவள் அந்தப் பிழைக்குப் பங்காளி என்று மடத்தில் மதர் எமெரன்ஸ் நமக்குச் சொன்னது நினைவிருக்கும்.

பேரிக்காய்ப் பாகு ஒரு ஜாடி தனியாக வருகிறது.

உன்
ஓர்தான்ஸ் லம்பினோன்

ஆகன்
27 ஜூலை 1914

என் பிரிய ஓர்தான்ஸுக்கு,

நாத்தனாருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "வெள்ளையடிக்க வேற மாசமே கெடைக்கலியா அவளுக்கு?" என்றாள். அவளை விடு.

பாகு வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் நாக்குக்கு ருசியே தெரியவில்லை. ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது எங்கோ போஸ்னியாவில். அதற்கு இங்கே ஏன் எல்லோரும் இப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள்? என் கணவர் ஆன்டன் நேற்றுச் சாப்பாட்டு மேசையிலேயே விளக்கினார். கடுகுக் குப்பி ஜெர்மனி. ஒரு பக்கம் உப்பு, அது பிரான்ஸ். நாங்கள் பறித்த நிலத்தை நாற்பத்து மூன்று வருடமாக மறக்காதது. மறுபக்கம் மிளகு, அது ரஷ்யா. தள்ளி நிற்கும் காடிப் புட்டி இங்கிலாந்து. நாங்கள் கப்பல் கட்டினால் அது இரண்டு கட்டும். "அவன் நம்மளப் பாத்துப் பயந்து பீரங்கி வாங்குறான், நாம அவனப் பாத்துப் பயந்து வாங்குறோம். யாரு முதல்ல பயந்ததுன்னு இப்ப யாருக்குமே ஞாபகமில்ல" என்றார். செர்பியா ஒரு ரொட்டித் துணுக்கு. ஆஸ்திரியா அதை நசுக்கினால் மிளகு நகரும், மிளகு நகர்ந்தால் கடுகு நகரும், கடுகு நகர்ந்தால் உப்பும் நகரும்.

"பெல்ஜியம் எங்கே?" என்று கேட்டேன்.

"அதுவா? மேசைவிரிப்பு" என்றார். சிரிக்கவில்லை.

மத்தியாஸை ஒரு வாரம் முன்பே ரிசர்வ் பயிற்சி என்று அழைத்துக்கொண்டார்கள். எங்கே என்று சொல்லாமல் போனான். எல்லைப் பக்கம், பால்குடம் மட்டுமே ஏறுகிற சிற்றூர் நிலையத்தில் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் மேடை கட்டியிருக்கிறார்களாம். அதில் அவனுக்கும் வேலை இருந்தது. உன் வரைபடத்தை அவன் அலுவலகத்துக்கே கொண்டுபோனான், தெரியுமா? அவனுடைய மேஜர் பார்த்துவிட்டு, "உங்க அத்தைக்கு ஒரு பதக்கம் குடுக்கணும்" என்றாராம். எனக்கென்னவோ அவன் வேண்டுமென்றே தப்பாக வரைந்திருப்பான் என்று தோன்றுகிறது, உன் சிவப்பு மையைப் பார்க்கும் ஆசையில்!

அன்புடன்
வால்புர்கா எஸ்ஸர்

லாவ்ரே
31 ஜூலை 1914

வால்புர்காவுக்கு,

எந்த அலுவலகம்? எந்த மேஜர்? ரயில்வேயில் மேஜர் ஏது?

உன் கடிதத்தை நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். பிறகு தொப்பியை அணிந்துகொண்டு பாலத்துக் காவலில் இருக்கும் கேப்டனிடம் போனேன். என் தவறை என் வாயாலேயே சொன்னேன். அவர் எனக்கு நாற்காலி கொடுத்தார், அதோடு சரி. "மேடம், நாம நடுநிலை நாடு. நம்மளத் தொடமாட்டோம்னு அஞ்சு வல்லரசு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. நீங்க மீன் பிடிக்கிற படத்துக்காக நான் ஜெனரலப் போயி எழுப்பணுமா?" என்றார். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவர் நம் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வளைவை அவருக்கும் வரைந்து மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இன்று படைக்கு ஆள் அழைக்கிறார்கள். ஜெரார் அறுவடைக்கு வரவில்லை. வாசல்வரை வந்து என்னை முத்தமிட்டு, சீருடையில் போய்விட்டான். ரொட்டிக்கடை டூசேன் என்னைப் பார்த்து, "மேடம் இன்னிக்கு ரெண்டு ரொட்டி கேக்குறாங்க. அப்ப யுத்தம் நிச்சயம்" என்று கடையிலிருந்தவர்களிடம் சொன்னான். நான் ஒன்றுதான் கேட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாவு எத்தனை நாளுக்கு வரும் என்று அளந்து பார்த்தேன்.

மத்தியாஸ் எங்கே?

ஓர்தான்ஸ்

ஆகன்
1 ஆகஸ்ட் 1914

ஓர்தான்ஸ்,

கடிதங்களைப் பிரிக்கிறார்களாம். எழுதாதே என்கிறார் ஆன்டன். பால்காரி உள்பாவாடையில் வைத்து எடுத்து வருகிறாள்.

வரைபடத்தைப் பற்றி இனி எதுவும் கேட்காதே. தெருவில் விடியலிலிருந்து குதிரைகள், வண்டிகள், குதிரைகள். எல்லாம் உன் திசையில். ஆற்றங்கரை வீட்டில் இருக்காதே. நாமூரில் இருக்கும் உன் அக்காவிடம் போ. செவ்வாய்க்கிழமைக்கு முன் போ. வேறெதுவும் நான் சொல்ல முடியாது.

வா.

லாவ்ரே
3 ஆகஸ்ட் 1914, திங்கள்

வால்புர்காவுக்கு,

ஆகன் மடத்துக்குத் திரும்பும் கன்னியாஸ்திரீ ஒருவர் இதைக் கொண்டுவருகிறார். நான் நாமூருக்குப் போகவில்லை.

உன் கடிதத்தைக் கேப்டனிடம் காட்டினேன். உன் பெயரைக் கிழித்துவிட்டுத்தான் காட்டினேன். இம்முறை அவர் எனக்கு நாற்காலி கொடுக்க மறந்துவிட்டார். ஜெர்மனி எங்கள் நாட்டின் வழியே போக அனுமதி கேட்டதாகவும், எங்கள் அரசர் மறுத்ததாகவும் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். மாலைக்குள் மூன்று பாப்லார்களின் அடியில் பள்ளம் தோண்டி நாற்பது பேரை நிறுத்திவிட்டார்கள். இடம் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டபோது ஒருவன் கை தூக்கினானாம். ஜெரார்.

என் ஜன்னலிலிருந்து அவன் தொப்பி தெரிகிறது. உன் மகனுக்கு அவன் நீந்தக் கற்றுக்கொடுத்த அதே சரளை. எச்சரித்தால் தவறு தீரும் என்று நினைத்தேன். தவறுக்கு எதிரே என் பிள்ளையையே நிறுத்திவிட்டேன்.

உணவு கொண்டுபோனேன். "அம்மா, வீட்டுக்குப் போங்க. தண்ணி கம்மியாத்தான் இருக்கு, ஆனா நாங்க இருக்கோம்ல" என்றான். எனக்கு இவ்வளவு பயம் என் வாழ்நாளில் இருந்ததில்லை. இதை நான் உனக்கு மட்டுமே எழுதுவேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு கோடைகள் அந்த வளைவில் கால் நனைத்தவனுக்குச் சரளைத் திட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகாது. வேண்டுமென்றே தப்பாக வரைந்திருப்பான் என்று நீ எழுதினாய். வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். பிழையைக் கண்டால் ஓர்தான்ஸால் சும்மா இருக்க முடியாது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இறந்துபோன மதர் எமெரன்ஸ்.

சுவர் காய்ந்துவிட்டது. படம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

என்னிடம் பிழையான வரைபடத்தைக் கொடுத்தால் சரியானது திரும்பி வரும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீயா? ஆம் அல்லது இல்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பாதே. உன் கையெழுத்தில், இந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதி அனுப்பு.

ஓர்தான்ஸ் லம்பினோன்