எர்த் வெட்டிய மிஷின்

மாப்ள,

இன்று எழுமலையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். விலைக்கு வந்த பழைய மிக் வெல்டிங் மிஷினைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத் தகட்டைக் கழற்றியதும் சூடான வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. நீ போன பிறகு நான் தனியாகத் திறந்த முதல் மிஷின்.

முன்பு விளாங்குடியில் நாம் வாங்கப் போன மிஷின் நினைவுக்கு வந்தது. காளவாசலில் நம் பட்டறைக்குக் கார் பாடி வேலை வரத் தொடங்கியிருந்த சமயம். மெல்லிய தகட்டில் வழக்கமான வெல்டிங் ராடு வைத்தால் ஓட்டை விழுந்தது. கம்பி தானாக வந்து உருகும் மிக் இல்லாமல் முடியாது என்ற நிலை. விற்கிறவர் தன் கொட்டகையில் ஓட்டிக் காட்டினார். கம்பி திக்காமல் வந்தது, பற்றவைப்பு சீராக விழுந்தது. நான் மனதுக்குள் அதை வண்டியில் ஏற்றிவிட்டேன். நீ ஸ்குரூ டிரைவரை எடுத்தாய்.

"ஓடுற மிஷினை எதுக்குண்ணே பிரிக்கிறீங்க?" என்றார் அவர்.

"ஓடுறதப் பாத்தாச்சுண்ணே. நின்னு போச்சுன்னா நம்மளால சரி பண்ண முடியுமான்னு பாக்கணும்ல."

கம்பி தள்ளும் ரோலர் தேய்ந்திருந்தது. "இத மாத்திக்கலாம். சாமான் இங்கனயே கிடைக்கும்" என்றாய். அப்புறம் உன் கை நின்றது. எர்த் வயரை வெட்டி, டேப் சுற்றி, உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். மிஷினுக்கு மறுபடி கரண்ட் கொடுத்து, டெஸ்ட் பல்பின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைக் கொட்டகையின் எர்த் கம்பியிலும் வைத்தாய். பல்பு எரிந்தது.

"உள்ள காயில்ல கரண்ட் லீக்காகி பெட்டிக்கு வருது. ஃபியூஸ் போகுதுன்னு எவனோ எர்த்த வெட்டிட்டான். ஈரத்துல நின்னு தொட்டா ஆளு காலி."

விற்கிறவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாங்கும்போதே வயர் அப்படித்தான் இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் அவருடைய தம்பி இதன் அருகே தூக்கி எறியப்பட்டு விழுந்திருக்கிறான். யாருக்கும் காரணம் புரியவில்லை. அதன்பின் மிஷினைத் தொட மறுத்தவனை, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று வீடே ஏசியிருக்கிறது.

"தம்பி வீட்லயா இருக்காரு? கூப்பிடுங்க" என்றாய்.

வந்தவன் வாசலைத் தாண்டவில்லை. நீ எழுந்து அவனிடம் போனாய்.

"நீங்க பயந்தது சரிதான் தம்பி. தப்பு மிஷின்லதான் இருந்துச்சு."

அவன் உன்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தான். அண்ணன் எழுந்து வந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வெறும் வண்டியோடு திரும்பினோம். எனக்கு ஏமாற்றம்தான். "வேற கிடைக்கும் மாப்ள" என்றாய். கிடைக்கவும் செய்தது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து பட்டறையை நான் ஒருவனாகத் திறக்கிறேன். ஆட்களில் யாராவது ஒரு மிஷினைத் தொடப் பயமாக இருக்கிறது என்றால், முதலில் மெயினை அணைக்கிறேன். அதற்குப் பிறகுதான் என்னவென்று கேட்கிறேன்.