கொடியில் தொங்கிய பெல்ட்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அக்காவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அக்காவுக்கு இருமல் நின்றுவிட்டது, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை. போன வாரம் உன் அண்ணன் வேலை பார்த்த கோபுரத்துக்குப் போனேன். திறந்து ஒரு வருஷமாக ஊர் உலகமே வந்து பார்க்கிறது, நான் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட ஏறியதில்லை. அக்காதான் "எத்தனை நாளைக்கும்மா ஓடி ஒளிவே" என்று சீட்டு வாங்கிக் கையில் திணித்தாள். லிஃப்டில் காது அடைத்தது, அதற்குள் மேலே. கண்ணாடி வழியாக நம் தெருவைத் தேடினேன், தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கண்டுபிடித்தேன், நம் மாடிக் கொடி மட்டும் தெரியவில்லை.

சுற்றிக்காட்டுகிற பெண் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். கான்கிரீட் ஊற்ற ஊற்ற அச்சு தானாக மெல்ல மேலே நகருமாம், நடுவில் நிறுத்தினால் அந்த இடம் ஒட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடுமாம். "நாப்பத்தொரு நாள், ஒரு மணி நேரம்கூட நிக்கல" என்றாள், எல்லாரும் கை தட்டினார்கள். பத்தொன்பதாம் நாள் என் பிள்ளை விழுந்தானே, அன்றைக்குமா நிற்கவில்லை? இறங்கும்போது லிஃப்ட் ஓட்டுகிறவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், அண்ணனோடு வேலை செய்த நெட்டை. அன்று மேஸ்திரி "சேஃப்டி பெல்ட் எங்கடா" என்று கத்தினாராம். உன் அண்ணன் "மறந்துட்டேண்ணே, வசவை அப்புறம் வாங்கிக்கிறேன், கான்கிரீட் இறுகிடும்" என்று சிரித்துக்கொண்டே ஏறினானாம். "அவன் மறக்கிற ஆளே இல்லம்மா, அதான் எனக்கு இன்னும் புரியல" என்றான் நெட்டை. எனக்குப் புரிந்தது.

அவன் மறக்கவில்லையடா. வேர்வையும் கிரீஸும் நாறுகிறதே என்று முந்தின சாயங்காலம் அந்தப் பெல்ட்டைத் துவைத்துப் போட்டவள் நான். காலையில் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "அங்க வேற வாங்கிக்கிறேன், நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்று சொல்லிப் போனான். அங்கே வேறு கிடைக்கவில்லை போல. என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். நீ ஃபோனில் "திமிருல பெல்ட் போடாம ஏறிச் செத்தான், அவனுக்காக நான் அழமாட்டேன்" என்ற போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை, உன்னையும் இழந்துவிடுவேனோ என்று பயம். இரண்டு வருஷம் உன் அண்ணனைத் திட்டு வாங்க விட்டுவிட்டு நான் சோறு தின்றிருக்கிறேன். இனி முடியாது. கோபம் என் மேல் இருக்கட்டும், அவன் மேல் வேண்டாம், ஒரு தடவையாவது அவனுக்காக அழு. நீயும் அதே வேலையில்தான் இருக்கிறாய். பெல்ட் நாறினால் நாறட்டும், துவைக்காதே. கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார். பெல்ட் இல்லையென்றால் ஏறாதே, எது இறுகினாலும் இறுகட்டும். என் ஆயுசையும் சேர்த்து நீ இருக்க வேண்டும். ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது. அன்று வெயில் நன்றாக அடித்தது, பெல்ட் மத்தியானமே காய்ந்துவிட்டது. ஆள் வந்து சொன்னபோது அதை மடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா