தாலியைத் தூக்கி வந்த போல்ட்டு

காங்கேயம்

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே அம்மணி, ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. காலையில் ஆரம்பித்தேன், இப்போது மாடு கறக்கிற நேரம்.

செவ்வாய்க்கிழமை அம்மா துணி காயப்போடும்போது தாலிக்கயிறு இற்று அறுந்து, துணிக்கொடிக் கம்பம் நிறுத்தச் சிமெண்டில் ஊன்றி வைத்த குழாய்க்குள் தாலி விழுந்துவிட்டது. கை நுழையாத குழாய், ஆழமும் அதிகம். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள், சோறு இறங்கவில்லை. உடைத்தால் தாலியும் நசுங்கும். அப்போதுதான் முதியோர் வகுப்பில் ஷ்ரவ்யா டீச்சர் என்னை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்த பாடம் ஞாபகம் வந்தது. இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி பேட்டரியில் கொடுத்தால் கரண்டு ஓடும் வரைக்கும் அது காந்தம். பழைய மோட்டார் காயிலின் செம்புக் கம்பியை ஒரு போல்ட்டில் நெருக்கமாகச் சுற்றி, நீளமாக விட்ட முனைகளைச் சுரண்டி டார்ச் பேட்டரியில் வைத்து, போல்ட்டைக் குழாய்க்குள் இறக்கினேன். அம்மா, "ஏனுங்க, தங்கம் காந்தத்துல ஒட்டுமுங்களா, இதைத்தான் படிச்சுப்போட்டு வந்தீங்களா" என்றாள். தங்கம் ஒட்டாது, நீ தாலியில் கோத்து வைத்திருக்கிற ஊக்குகள் ஒட்டும் என்றேன்.

ஒரு சாண் மேலே வந்ததும் ஊக்கு பளபளத்தது. ஒட்டிவிட்டது என்று கண்டதும் கம்பியைப் பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டேன். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தியே பழகிய கை, என்ன செய்வது. எல்லாம் திரும்பக் கீழே போய்விட்டது. "மேல வந்ததுக்கப்பறம் நிறுத்துனா ஆகாதுங்களா, இங்க என்ன தண்ணியா வழிஞ்சு ஓடுது" என்று திட்டிவிட்டு, அடுத்த முறை பேட்டரியை அவளே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் மெதுவாகத் தூக்கினேன். ஊக்கில் தொங்கிக்கொண்டு தாலி வந்துவிட்டது கண்ணு.

எழுபது வயதில் படிப்பு எதற்கு என்றேன், நீதான் வாராவாரம் போனில் கேட்டு விடாமல் சேர்த்துவிட்டாய். அதற்கு நன்றி சொல்லப் போனில் எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொள். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது.

தாலி கிடைத்ததும் புதுக்கயிற்றில் மஞ்சள் தடவிக் கோத்து, உன் அத்தையைக் கூப்பிடவா என்று கேட்டேன். எங்கள் கல்யாணத்தன்று ஒரு முடிச்சோடு என்னை நகர்த்திவிட்டு மற்ற இரண்டையும் அவள்தான் போட்டாள். அம்மா கழுத்தை நீட்டி, "நாத்தனார் எதுக்குங்க, இந்தத் தடவ மூணையும் நீங்களே போடுங்க" என்றாள். போட்டேன்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

உன் அப்பா
க. மாரப்பன்