காசு வேகாத உலை குறித்து இளங்காரி மாராயர்க்கு

திருவோங்குக. அலைவாய் நாட்டுப் பேரரசி நிறைமதி நாச்சியார், பொற்பண்டார அமைச்சர் இளங்காரி மாராயர்க்கு விடுத்தருளும் ஓலை. அமைச்சர் குடியும் கருவூலமும் அவர்தம் ஓயாத அறிவும் நலமே வாழ்க.

ஏழைகட்குக் களஞ்சிய நெல் அளப்பதை விட்டு அதன் விலையைக் காசாகக் கையில் கொடுத்தால், வண்டரித்த நெல்லும் ஒழியும், மரக்காலைத் தலைதட்டிக் குறைத்தளக்கும் கணக்கர் கையும் ஓயும், அவரவர் வேண்டியதை வாங்கி உண்பர் என்று அமைச்சர் விண்ணப்பித்தார். அரசியும் மகிழ்ந்து முத்திரை இட்டார்.

கொடை நாளில் கடைத்தெரு வழியே முரசறைவது நம் நாட்டு வழக்கம். நெல் அளந்த காலத்தில் அதனால் ஒரு கேடும் விளையவில்லை. காசு வந்த பின்னும், வழக்கம் வழுவாத அமைச்சர் அதே தெருவில் அதே முரசை முழக்குவித்தார். பாவம், ஏழைகளுக்கு முன்னே அரிசி வாணிகர்க்கன்றோ அது கேட்டது! உப்பளத்தில் உப்பு வாரும் பூதி என்பாள் காசை முந்தானையில் முடிந்து ஓடி வருமுன் அரிசி விலை இரட்டித்துவிட்டது. பாதி அரிசியோடு திரும்பியவள், அதுவும் தீர்ந்தபின், பசித்தழும் பிள்ளையை இடுப்பில் ஏந்தி அரண்மனை வாயிலில் வந்து நின்றாள்.

அவள் சொல்லை மாற்றாமல் எழுதுக என்பது அரசியின் ஆணை: “புழு நெல்லுன்னாலும் உலையில போட்டா வெந்துச்சு தாயே. இந்தக் காசைப் போட்டா வேகுமா? எம்புள்ளைக்கு எதைக் கரைச்சு ஊத்துவேன்?”

அரசிக்கு வயிறு எரிந்தது. முத்திரை இட்டது தம் கையே என்பதால் இன்னும் எரிந்தது.

இது குறித்து வினவியதற்கு, விலையேற்றம் வாணிபச் செழிப்பின் அடையாளம் என அமைச்சர் விடை எழுதியிருந்தார். ஆகா, என்ன நுட்பம்! இத்தகைய செழிப்பை ஏழைகள் மட்டுமே துய்ப்பது முறையன்று. ஆதலால், அமைச்சர்க்கு அளந்துவரும் சம்பள நெல் இன்றோடு நிற்க. அதன் பழைய விலை காசாக வழங்கப்பெறுக. அமைச்சர் தாமே பை எடுத்துக் கடைத்தெருவில் அரிசி வாங்குக. விலை இறங்கி நிலைக்குமட்டும் பூதிக்கும் அவள்போன்றார்க்கும் களஞ்சியம் திறந்திருக்கும். மரக்கால் பிடிக்கும் கணக்கர் கையை அரசியே பார்த்துக்கொள்வார்.

இவை சங்கு முத்திரையின் கீழ் அரசியின் ஆணை, கண்டபொழுதே நடப்பதாக. ஓலை சுமந்து வருபவர் நெடுந்தொலைவு நடந்து பசியோடு வருவார். அவருக்குக் காசு கொடுக்க வேண்டா, சோறு போடுக.