கட்டிலை நகர்த்திய பிறகு

ஜூன் 3, திங்கள்

விடியும் முன்பே மழை. காற்றும் சேர்ந்து. பாதையில் சவுக்கு மரம் விழுந்து பஸ் இல்லை என்றார்கள். எனக்கு பஸ் தேவையில்லை, வேலை தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே.

வேலை முடிந்து வந்ததும் கட்டிலை நகர்த்தினேன். இதுவரை பக்கத்துக் காம்பராவின் சுவரை ஒட்டிக் கிடந்தது. இனி ஜன்னல் பக்கம். அத்தையும் ஒரு முனை பிடித்தார்.

"ஏன் புள்ள இங்க? தகரம் ஒழுகுமே."

"ஒழுகுனா வாளி வச்சுக்கலாம் அத்தை."

கேட்டாரே தவிர, காரணம் தெரியும் அவருக்கு. லயத்தில் அறைகள் ஒட்டி ஒட்டி; நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். அந்தப் பக்கம் இருப்பவர் போன வருடம் சித்திரை வரை என்னோடு வாழ்ந்த என் கணவர். இப்போது அந்தக் காம்பரா யோ.வோடு. எனக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு கதவு தள்ளிப் போனார். கடல் தாண்டிப் போயிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

(அவளை யோ. என்றும் அவரை கு. என்றும்தான் எழுதப்போகிறேன். முழுப் பெயரை எழுத ஆரம்பித்தால் கை நின்றுவிடுகிறது.)

அத்தை கு.வைப் பெற்றவர். இந்தக் காம்பரா அவர் பேரில். அன்றைக்கு மகனை வாசலில் நிறுத்திச் சொன்னார்: "மருமக இங்கதான் இருப்பா. நீ போறதுன்னா போ. ஒன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்." இன்றுவரை மிதிக்கவில்லை.

போன மாதம் மிட்வைஃப் மிஸி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "மனசுல ஓடுறத எழுதிட்டு கொப்பிய மூடிருங்க. அப்பறம் ஒவ்வொண்ணா விடப் பாருங்க. நிம்மதி வரும்." பார்க்கிறேன்.

விட வேண்டியவை:
சுவரில் காது வைப்பது.
அவர்கள் வாசலில் கு.வின் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பது.
யோ. எதிரே வந்தால் வாய்க்குள் சாபம்.
"நான் என்ன குறை வைத்தேன்" என்ற கேள்வி.

விறகெல்லாம் ஈரம். கண் எரிகிறது. புகைதான்.

ஜூன் 4, செவ்வாய்

ஒழுகியது. வாளி. தூக்கம் இல்லை.

போர்டில் சிறுவர் நிலையம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. தோட்டத்தில் எல்லோருக்கும் அது பிள்ளைக்காம்பராதான். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். பொறுப்பு நான். சமையலுக்கும் கழுவலுக்கும் பாக்கியம் அக்கா.

இன்று யோ. வந்தாள். இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு, தலையில் சாக்கு, நெஞ்சோடு பிள்ளை. பிரசவ லீவு முடிந்துவிட்டது. வரும் என்று தெரிந்த நாள்தான். வராது என்று இருந்துவிட்டேன்.

வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். "டீச்சர்... விட்டுட்டுப் போக வேற எடம் இல்ல."

முன்பெல்லாம் அக்கா. சீனி இரவல் கேட்டு வரும்போது, தேங்காய் துருவிக் கொடுக்கும்போது, அக்கா அக்கா.

"உள்ள வா. நனையுதுல்ல."

பிள்ளையைச் சொன்னேன். அவளை அல்ல.

வாங்கிக்கொண்டேன். பெண் குழந்தை. சூடு. நினைத்ததை விடக் கனம். வலது காதுக்கு முன்னால் ஊசி குத்தினது போல ஒரு துளை. கு.வுக்கும் அதே இடத்தில். கல்யாணமான புதிதில் அதில் விரல் வைத்து அவரைக் கூசச் செய்வேன். உடனே தொட்டிலில் போட்டுவிட்டேன்.

அப்போது வந்த நினைப்பையும் எழுதத்தான் வேண்டும். இது இல்லாமல் போனால் அவர் திரும்பி வருவார். ஒரு நொடி. ஆனால் வந்தது. பிறகு கரைத்த சத்துமா கட்டி கட்டியாகிவிட்டது.

பாக்கியம் அக்கா காதோடு: "நீ தொடாத டீச்சரு. ஏதும் ஒண்ணுன்னா பழி ஒம்மேலதான் விழும்."

ஜூன் 6, வியாழன்

மழை விடவில்லை. துணி எதுவும் காயவில்லை.

மாலையில் அத்தை ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. அத்தையின் கை நின்றது. அழுகை அடங்கும் வரை மாவுக்குள்ளேயே கை.

பிறகு, தலை நிமிராமல்: "ஒங்கிட்டதான் விடுறாங்களாமே. மூஞ்சி யாரு மாதிரி புள்ள?"

"எல்லாப் புள்ளையும் மாதிரிதான்."

காதைப் பற்றிச் சொல்லவில்லை.

"பாக்கணும்னா போய்ப் பாருங்களேன்" என்றேன். போகாதே என்று கேட்கும் குரலில். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும். இந்த ஒரு வருடமாக அத்தை இளகும்போதெல்லாம் அதைத்தான் எடுக்கிறேன். பெருமூச்சு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவது. அவரும் உடனே மகனைத் திட்டத் தொடங்குவார். எனக்குப் பாரம் இறங்கும்.

பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

ரொட்டி கல்லாக இருந்தது. இருவரும் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டோம்.

ஜூன் 7, வெள்ளி

பாப்பாவுக்கு மத்தியானத்திலிருந்து காய்ச்சல். பால் குடித்ததெல்லாம் வெளியே. ஈரத்துணி போட்டேன். மலைக்கு ஆள் அனுப்பி யோ.வைக் கூப்பிட்டேன். சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள், செருப்பில்லாமல். காலில் அட்டை கடித்து ரத்தம், அவளுக்குத் தெரியவே இல்லை. டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் நினைத்ததாலா?

இல்லை. நான்கு பிள்ளைகளுக்குச் சளி. இது மழைக்கால நோய்தான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 8, சனி

காலையில் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனேன். தேயிலைக்கு மறைவில் வந்ததால், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்க்கவில்லை.

"கண்ணு பட்டிருக்கும்."

"பின்ன? மலடி கையில கொண்டுபோய்க் குடுத்தா?"

குடத்தோடு திரும்பிவிட்டேன். வெறுங்குடம். அத்தை என் முகத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டு போனார். அவர் சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. "எவடி அது? எம் மருமகளச் சொன்னவ முன்னுக்கு வா! ஒங்க புள்ளைங்களுக்குப் பீ அள்ளுறது யாரு?"

குடம் நிறைந்து வந்தது. இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மெதுவாக, "காய்ச்சல் விட்டுருச்சாமா?" என்றார்.

பத்து மணி போல கு. பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். ஃபெக்டரி உடுப்பு. புருவத்தில் தேயிலைத் தூசி. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை நேருக்கு நேர். என்னவெல்லாமோ பேசுவதற்கு வைத்திருந்தேன். சமைக்கும்போது, குளிக்கும்போது, எத்தனையோ தடவை பேசிப் பார்த்திருக்கிறேன்.

"காய்ச்சல் கொறஞ்சிருக்கு. செவ்வாக்கெழம கொண்டுவருவாங்க. பாக்கியம் அக்கா பாத்துக்கட்டும். நீங்க வேணாம்."

"சரி."

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்."

போய்விட்டார்.

டீச்சர்.

ஜூன் 9, ஞாயிறு

அத்தை கோயிலுக்கு. தலைவலி என்று நான் போகவில்லை. பொய். சுவரிடம் போனேன். எழுத வெட்கம்.

அங்கே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தகரம் ஒழுகுவதைப் பற்றி. மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று. அவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். பிறகு பாத்திரம் கழுவும் சத்தம்.

இப்போதுதான் விளங்குகிறது, நான் அங்கே எதைத் தேடிப் போகிறேன் என்று. என் பேரை. ஒரு வருடமாக. திட்டியாவது சொல்வார்கள் என்று. சண்டையிலாவது வரும் என்று. ஒரு தடவை கூட வரவில்லை.

அந்தக் காம்பராவில் நான் இல்லவே இல்லை.

தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து திருநீறு பூசும்போதுதான் அடுப்பு மூட்டாததே ஞாபகம் வந்தது.

ஜூன் 11, செவ்வாய்

கொஞ்சம் வெயில். எல்லா வீட்டு வாசலிலும் கம்பளி.

யோ. வந்தாள். பாக்கியம் அக்கா கை நீட்டினார். யோ. அவரைத் தாண்டி வந்து என்னிடம் நீட்டினாள்.

"அவரு வேணாம்னு சொன்னாரே" என்றேன்.

"அவரா மலைக்கு வந்து கொழுந்து எடுக்கப் போறாரு? அன்னிக்கு நீங்க உடனே ஆள் அனுப்பலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. டிஸ்பென்சரியில சொன்னாங்க, ஈரத்துணி போட்டது நல்லதுன்னு."

நான் கை நீட்டவில்லை. அவளும் நீட்டிய பிள்ளையைத் திரும்ப எடுக்கவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நான் செஞ்சது எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை. "மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. புள்ளய மட்டும் பாத்துக்குங்க அக்கா."

"அக்கான்னு கூப்பிடாத."

"சரி டீச்சர்."

வாங்கிக்கொண்டேன். அவள் ஏற்றத்தில் ஏறிப் போவதைப் பார்த்தேன். சாபம் வாய் வரை வந்தது, வழக்கமாக வருகிற இடத்துக்கு. தோளில் பிள்ளை ஏப்பம் விட்டது. சாபம் அப்படியே நின்றுவிட்டது. போனது என்று சொல்ல முடியாது.

தோளிலேயே தூங்கிவிட்டது. கீழே போட மனம் வரவில்லை. பாக்கியம் அக்கா பார்த்தும் பார்க்காதது போல வெங்காயம் உரித்தார்.

ஜூன் 13, வியாழன்

பருப்பு, கருவாடு வாங்க வேண்டும். குடை தைக்கக் கொடுக்க வேண்டும். அண்ணன் வட்டகொடையிலிருந்து போனில் பேசினார், "இங்கயே வந்து இரேன்" என்று. யோசிக்கிறேன் என்றேன்.

இன்று அவர்கள் வாசலைப் பார்க்காமல் வந்தேன். வந்த பிறகுதான் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அதற்கும் அழுகை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மழை, வெயில், மழை.

அந்தப் பக்கம் பிள்ளை நெடுநேரம் அழுதது. யோ. குளித்துக்கொண்டிருந்தாள் போல, கு. ஏதோ சொல்லித் தேற்றிப் பார்த்தும் அடங்கவில்லை. அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லையும் அரிசியையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"போங்க அத்தை."

"எங்க?"

"பேத்தியத் தூக்குங்க."

"நான் சொல்லிட்டேன்ல, அவன் படிய..."

"எனக்காகத்தானே சொன்னீங்க. நான்தான் இப்ப போகச் சொல்றேன்."

தட்டைக் கீழே வைக்கவில்லை. என் குரலைச் சோதித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பழைய குரல் உள்ளே இருக்கிறதா என்று. இல்லாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

"வலது காதுல அந்தத் தொள இருக்கு அத்தை. அன்னிக்கு நான் சொல்லல."

அவர் முகம் உடைந்துவிட்டது. "பாப்பாவோட தாத்தாவுக்கும் இருந்துச்சு புள்ள."

முகம் கழுவினார். பச்சைச் சேலை கட்டினார். வாசலில் நின்று திரும்பி, "நீ என்னா செய்வ?" என்றார். சோறு ஆக்குவேன் என்றேன்.

நான் கட்டிலில், ஜன்னல் பக்கம்தான் இருந்தேன். போய்க் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "அம்மா" என்று கு. சொன்னது கேட்டது. பிறகு பிள்ளையின் அழுகை நின்றது. பிறகு அத்தை அழுதார்.

இரண்டு பேருக்கு ஆக்கினேன். இரவு அவர் அங்கேயே சாப்பிட்டார்.

ஜூன் 17, திங்கள்

மூடுபனி. எதிரே வருகிறவர் தெரியவில்லை.

அத்தை மாலையில் வந்து கம்பளியை எடுத்தார். "குளிருது புள்ள. அங்க பத்தல. வெள்ளனே பாப்பாவக் குளிப்பாட்டணும், அந்தப் புள்ளைக்குச் சரியாத் தெரியல." கம்பளியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் ஒன்ன விட்டுப் போகல."

"தெரியும் அத்தை."

"காம்பரா ஒனக்குத்தான். அத யாரும் கேக்க மாட்டாங்க."

"தெரியும்."

என் கன்னத்தைத் தொட்டார். கையில் பிள்ளைப் பவுடர் வாசம். அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். நன்றாக அழுதேன். யாரையும் திட்டாமல் அழுவது இதுதான் முதல் தடவை. அது இன்னும் கூடுதலாக வலிக்கிறது. திட்டும்போது ஒரு பிடி இருந்தது.

நிம்மதி என்று மிஸி சொன்னது இதுவா என்று தெரியவில்லை. காம்பரா அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாளை பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள். தராசைத் துடைத்து வைக்க வேண்டும். காய்ச்சலில் பாப்பா இளைத்திருந்தது. இந்தக் கிழமை நன்றாகக் குடித்தது. கூடியிருக்கும்.

கூடியிருக்கட்டும்.